நெய்மீன் அக்கா சாய மாட்டாள்

பல் டாக்டரிடம் நெய்மீன் அக்காவைப் போல ஒழுங்காக வந்த நோயாளி இந்தப் பூமியில் வேறு யாரும் இருக்க முடியாது. சொன்ன நாள் தவறியதில்லை, சொன்ன நேரம் தவறியதில்லை. டாக்டர் வருவதற்கு முன்பே வந்து, ஷட்டரைத் தூக்க எனக்கு ஒரு கை கொடுத்து, மேசைத் தூசியைத் தன் முந்தானையாலேயே தட்டி, வந்து உட்காருகிறவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்லி அனுப்புவாள். அவள் செய்யாத காரியம் ஒன்றே ஒன்று. தன் வாயைத் திறந்து பல்லைக் காட்ட மாட்டாள்.

அப்போது நான் புதுக்கடை ஜங்ஷனில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருந்தேன். ரிசப்ஷன் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். டோக்கன் கொடுப்பதும் நான்தான், போன் எடுப்பதும் நான்தான், பெருக்குகிற பெண் வராத நாளில் பெருக்குவதும் நான்தான். எல்லோர் கையிலும் செல்போன் வந்து, பேசக் காசில்லாமல் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டு திரிந்த வருஷங்கள் அவை. பாதி ஊர் எனக்கு மிஸ்டு கால் கொடுத்து அப்பாயின்ட்மென்ட் வாங்கியது. ஆஸ்பத்திரியில் இருந்ததே ஒரே ஒரு நாற்காலி, ஒரே ஒரு டாக்டர். நாகர்கோவிலில் இருந்து பஸ்ஸில் வருவார். இளவயசு, கொக்கு மாதிரி உயரம், சுத்த சைவம். குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனுஷர். பல்லைப் பிடுங்கும்போதுகூட அந்தப் பல்லிடம் மன்னிப்புக் கேட்பவர் போலத்தான் இருப்பார்.

நெய்மீன் அக்கா தேங்காய்ப்பட்டணம் துறையில் மீன் ஏலம் எடுத்து, ஆட்டோவில் புதுக்கடைச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்கிறவள். அறுபதைத் தாண்டியிருந்தாள். சாளை, அயிலை எதையும் தொட மாட்டாள், நெய்மீன் மட்டும்தான். அவளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பங்குச் சாமியாருக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். பள்ளிக்கூடப் பிள்ளைகளில் இருந்து போலீஸ்காரர் வரை எல்லோருக்கும் அவள் நெய்மீன் அக்கா. வள்ளக்காரர்கள் அவள் குரலைக் கேட்டால் ஒதுங்கி வழிவிடுவார்கள். ஆனால் வியாபாரத்தில் ஒரு பொய் கிடையாது. ஐஸில் கிடந்த மீன் என்றால், வாங்க வந்தவர் கேட்பதற்கு முன்பே, இது ஐஸில் கிடந்தது, வேண்டுமென்றால் எடு என்று சொல்லிவிடுவாள். பொய் சொன்னால் கடல் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது அவளுடைய கட்சி.

இப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் துறையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். நாகர்கோவில் எலும்பு டாக்டர் கட்டுப் போட்டதோடு விடாமல் குதிகாலில் ஸ்கேனும் எடுத்துப் பார்த்து, எலும்பெல்லாம் உள்ளே தேய்ந்து பொத்தலாகிக் கிடக்கிறது, இனி ஒரு விழுகை விழுந்தால் இடுப்பு போய்விடும் என்று வாரத்துக்கு ஒன்றாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாதாரண மாத்திரை இல்லை அது. வெறும் வயிற்றில், நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு அரை மணி நேரம் சாயக் கூடாது, படுக்கக் கூடாது, ஒரு வாய் சாயா கூடக் குடிக்கக் கூடாது. நடக்கலாம், நிற்கலாம், நிமிர்ந்து உட்காரலாம். மாத்திரை நெஞ்சுக் குழாயில் தங்கிவிட்டால் புண்ணாக்கிவிடுமாம். அக்கா இந்தச் சட்டதிட்டத்தைச் சந்தை முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒரு மாத்திரைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து அதுவரை அவள் பார்த்ததில்லை.

கைக்கட்டை அவிழ்த்த கொஞ்ச நாளில் கீழ்க் கடைவாய்ப் பல் அவளைப் பிடித்துக்கொண்டது. வலி தாங்காமல் மாடி ஏறி வந்தாள். நாற்காலியில் உட்காரும் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. டாக்டர் பெடலைக் காலால் அமுக்க, நாற்காலியின் முதுகுப் பக்கம் மெல்லப் பின்னால் இறங்கத் தொடங்கியதும், அக்கா எப்படி எழுந்தாள், எந்தப் பக்கமாக இறங்கினாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. பார்த்தால் வாசலில் நிற்கிறாள், கழுத்தில் கட்டிய பச்சைத் துணியோடு.

அப்புறம் சமாதானப்படுத்தி, நிற்க வைத்தே டாக்டர் விசாரித்தார். மாத்திரை விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. சொன்னது ரொம்ப நல்லதாகப் போயிற்று என்று டாக்டர் விளக்கினார். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பல்லைப் பிடுங்கினால் அபூர்வமாகச் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போய்விடுமாம். அதனால் பிடுங்க வேண்டாம், வேரை மட்டும் சுத்தம் செய்து பல்லைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் ஒன்றும் செய்யாமல் விட்டால் சீழ் எலும்புக்கே இறங்கிவிடும், அது அதைவிட மோசம். அக்கா இதில் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு போனாள். தன் பல்லைத் தொட இந்தியாவில் எந்த டாக்டருக்கும் அதிகாரம் கிடையாது என்று மறுநாளே சந்தையில் பேச்சு கிளம்பிவிட்டது.

இருந்தாலும் வந்தாள். டாக்டர் சொன்ன நாளெல்லாம் வந்தாள். நான் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று ஒரே பாட்டுத்தான்.

"மாத்திரை இப்பத்தான் போட்டேன் மக்கா. அரை மணிக்கூர் சாயப்பிடாது. நீ அடுத்த ஆளை விளி."

அந்த அரை மணி நேரமும் அவள் உட்கார மாட்டாள். எங்கள் வராந்தா நீளமே பத்துப் பன்னிரண்டு எட்டுத்தான்; இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு, அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடிக்கு நடையோ நடை. செருப்புச் சத்தம் கேட்டுக் கேட்டு எனக்குத் தலையே சுற்றும். காத்திருக்கிறவர்களுக்கும் அந்தப் படபடப்பு தொற்றிக்கொள்ளும். ஒருவர் காலை ஆட்ட ஆரம்பிப்பார், இன்னொருவர் எழுந்து ஜன்னலுக்குப் போவார், பிள்ளைகள் அவள் பின்னாலேயே நடக்கும். உள்ளே டாக்டர், வெளியே என்ன ஊர்வலமா என்று கேட்பார். அரை மணி நேரம் முடிந்ததும் திரும்பிப் பார்த்தால் அக்கா இருக்க மாட்டாள். மீன் கெட்டுப்போகும் என்று சந்தைக்குப் போயிருப்பாள்.

மாத்திரையும் கை கொடுக்காத ஒரு நாள் வந்தது. காலையில் மறந்துபோய் இரண்டு இட்லி தின்றுவிட்டாளாம். அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஏழாம் நம்பர் என்று நான் கூப்பிட்டதுதான் தாமதம், எழுந்து வராந்தா நடுவில் நின்று தன் டோக்கனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"ஏழாம் நம்பரு, ஏழாம் நம்பரு. கேக்கவங்க கேளுங்க. பைசா வேண்டாம், நோவு எவ்வளவுன்னு செல்லுங்க."

துறையில் ஏலம் விடுகிறவர் குரல் அப்படியே. ஜனங்களும் என்னமோ காத்திருந்தவர்கள் மாதிரிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். டியூஷன் மாஸ்டர் ஒருவர் ரெண்டு நாளாக உறக்கமில்லை என்றார். பக்கத்தில் இருந்த பெண் தனக்கு மூணு நாளாக வெறும் கஞ்சி என்றாள். இன்னொருவர் ஒரு வாரம் என்று ஏற்றினார். அப்படியென்றால் வாசலில் நின்று கிரீம் பன் தின்றது யார் என்று அக்கா கேட்டதும் இறக்கிக்கொண்டார். பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்த தாத்தா ஒருவரும் கையைத் தூக்கினார். வாயில் பல்லே இல்லாதவருக்கு ஏலத்தில் இடமில்லை என்று அவரைத் தள்ளிவிட்டாள். கடைசியில் கஞ்சிக்காரப் பெண்ணுக்கு ஏலம் படிந்தது. அன்றைக்கு எனக்குச் சிரித்துச் சிரித்து வயிற்று வலி, டாக்டருக்குத் தலைவலி.

போதாக்குறைக்கு, தப்பித்துப் போகிற ஒவ்வொரு நாளும் டாக்டருக்கு என்று ஒரு துண்டு நெய்மீனை வாழையிலையில் பொதிந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். சைவ டாக்டர் அந்தப் பொதியைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்வார். அது எங்கள் வீட்டுக்கு வரும். உங்கள் நெய்மீன் அக்காவுக்கு இன்னும் பயம் தெளியவில்லையா என்று என் அம்மா அக்கறையோடு விசாரிப்பாள். தெளிந்துவிடுமோ என்கிற கவலை அந்தக் கேள்வியில் இருந்தது.

இப்படியே வாரங்கள் ஓடின. டாக்டர் பாவம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை, மத்தியானம் என்று அப்பாயின்ட்மென்ட்டை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். அக்காவும் சளைக்காமல் வந்தாள், சளைக்காமல் நடந்தாள். கன்னம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கிக்கொண்டு வந்தது.

ஒரு காலை அவள் மாடி ஏறி வந்ததே சரியில்லை. கன்னம் உப்பிக் கிடந்தது, கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. குரல் இல்லை. எச்சில் விழுங்கவே முகத்தைச் சுளித்தாள். அந்த நிலையிலும், மாத்திரை போட்டாச்சு, சாயப்பிடாது என்று காற்றாகச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பல் வலிக்கு நெஞ்சை ஏன் பிடிக்கிறாள்?

"அக்கா, செவ்வாக்கிழமையும் இதத்தான சொன்னிய?"

"செவ்வாயும் போட்டேன்."

"வியாழன்?"

"அண்ணும் போட்டேன்."

"அது வாரத்துக்கு ஒண்ணுல்லா, அக்கா?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்கிற பார்வை.

"போடாம போட்டேன்னு எப்படி மக்கா செல்லது? சாயப்பிடாதுன்னு செல்லணும்னா, உள்ளதுக்கே போட்டிருக்கணும்லா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் எல்லோரும் அதைச் சாக்கு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். சாக்கும் பொய்யாக இருக்கக் கூடாது என்று, இட்லி தின்ற நாள் போக, அப்பாயின்ட்மென்ட் இருந்த ஒவ்வொரு நாளும் அந்த மாத்திரையை நிஜமாகவே விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள் மகராசி. டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கையில் இருந்த சின்னக் கண்ணாடி கீழே விழுந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரலை உயர்த்தினார். என்ன நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, தொண்டை வெந்து போயிரும், பட்டினி கிடந்து சாகணுமா என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே பேக்கரிக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். கத்தி முடித்ததும் டாக்டரே குனிந்து கண்ணாடியைப் பொறுக்கினார். அக்கா அசையவில்லை. இப்போதுதான் நீ டாக்டர் மாதிரி இருக்கிறாய் மோனே என்று மெல்லச் சொன்னாள்.

டாக்டர் வீக்கத்துக்கு மருந்து கொடுத்து, எலும்பு டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லி, அன்றைக்கே நாகர்கோவிலுக்கு அனுப்பினார். அவள் மகன் சவுதியில் இருந்தான், கூடப் போக ஆள் இல்லை. நான் போனேன். அங்கே உட்கார வைத்தே குழாய் விட்டுப் பார்த்து நெஞ்சுக் குழாயில் புண் என்றார்கள். அந்த மாத்திரை உடனே நிறுத்தம், புண் ஆறிய பிறகு எலும்புக்கு வேறு மருந்து பார்க்கலாம் என்றார் எலும்பு டாக்டர். அதோடு இன்னொன்றும் சொன்னார். அந்தப் பல்லை இனியும் இப்படியே விட்டால் சீழ் தாடையைத் தின்றுவிடும், அதற்குப் பிறகு யார் கையிலும் ஒன்றும் இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் பாதி சீட் காலி. அக்கா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினாள், முன் வாசலுக்குப் போனாள், திரும்ப வந்தாள். கண்டக்டர் இரண்டு தரம் உட்காரச் சொல்லிப் பார்த்துக் கைவிட்டுவிட்டார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அப்படி அந்த நாற்காலியில் என்னதான் பயம், ஊசியா, மிஷின் சத்தமா, எதையாவது வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். பஸ் கருங்கல் ஊரைத் தாண்டியது. அப்புறம் என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"ஊசிக்கெல்லாம் எனக்குப் பயமில்ல மக்கா. எனக்க அம்மையும் இப்படித்தான் வழுக்கி விழுந்தா. ஒரு நாளு படுத்துக் கிடன்னு எல்லாரும் சேந்து செல்லிப் படுக்க வச்சோம். பிறவு அவ எழும்பவே இல்ல. நாலு வருசம் கிடந்த கிடை. அந்தக் கசேரி பின்னால போவும்போ எனக்கு அவளுக்க மொகந்தான் தெரியுது. சாஞ்சா நான் எழும்ப மாட்டேன்."

துறையில் விழுந்த அன்றும் கூட்டம் சுற்றி நின்று குனிந்து பார்த்ததாம். கீழே கிடந்து அத்தனை முகங்களையும் பார்த்தபோது தன் கதையும் முடிந்தது என்று நினைத்தாளாம். அதற்குப் பிறகு ராத்திரியில்கூட அவள் பாய் விரித்துப் படுப்பதில்லை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்தே உறங்குகிறாள், உறங்கினால் உண்டு. மகன் சவுதியில் இருந்து போன் செய்யும்போதெல்லாம், மீன் யாவாரம் போதும், இனி நிம்மதியாகப் படுத்துக் கிட அம்மா என்று பாசமாகச் சொல்வானாம். அவன் போன் வந்தாலே அவள் எழுந்து நின்றுகொள்வாளாம். சீட்டில் உட்கார்ந்திருக்கவே பிடிக்காமல் நானும் எழுந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். புதுக்கடை வரைக்கும் இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தோம்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியை ஒரு தரம் நேராக நிமிர்த்திப் பார்த்தார். அப்படியென்றால் சாய வேண்டாம், அவ்வளவுதானே என்றார்.

வீக்கம் வடிந்ததும் வேலை ஆரம்பமானது. நாற்காலி நேராக நிமிர்ந்து நின்றது. அக்காவின் கால் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன. ஆறடி டாக்டர் கீழே முழங்காலில் நின்று, கழுத்தை ஒடித்துக்கொண்டு கீழ்க் கடைவாய்ப் பல்லை எட்டிப் பார்த்தார். லைட் அந்தக் கோணத்துக்குத் திரும்பாததால் நான் ஒரு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்க்கிறவர்களுக்கு டாக்டர் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற மாதிரி இருந்திருக்கும்.

"அக்கா, நீங்க கையத் தூக்குனா நான் நிறுத்திருவேன். எதுக்குன்னு கேக்க மாட்டேன். இது சத்தியம்."

அக்கா அந்தச் சத்தியத்தைச் சும்மா விடவில்லை. அவர் கண்ணாடியை எடுத்ததும் கையைத் தூக்கினாள். வைத்துவிட்டார். எடுத்தார், தூக்கினாள், வைத்துவிட்டார். பஞ்சை எடுத்ததற்குத் தூக்கினாள், அவர் இருமியதற்குத் தூக்கினாள், ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்ததற்கும் ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வெளியே கூட்டம் கடுகடுத்தது, எனக்குக் கை கடுத்தது. அன்றைக்கு ஒரு பல்லும் பார்க்கவில்லை. ஆனால் போகும்போது அக்கா என்னிடம், இவன் வாக்கு மாறாதவன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த தரம் ஊசி போடவிட்டாள். அதற்கடுத்த தரம் மிஷினையும் விட்டாள். கை அப்போதும் மடியில் தயாராகத்தான் இருந்தது, எப்போதாவதுதான் எழுந்தது.

பல்லை அடைத்து முடிக்கிற நாளும் வந்தது. முடிந்ததும் டாக்டர் ஒரு கையை இடுப்பில் ஊன்றி எழுந்து நின்று, தன் முதுகு நேராகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கொப்பளிக்கச் சொன்னேன், கொப்பளித்தாள். இறங்கலாம் அக்கா என்றேன். அவள் இறங்கவில்லை. நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் பற்றிக்கொண்டு டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மோனே, இனி கொஞ்சம் சாய்ச்சுப் பாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் காலால் மெல்ல அமுக்கினார். நாற்காலி பைய இறங்கியது. அக்காவின் கை மேலே எழுந்தது, அவர் உடனே நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்துக் கை தானாகக் கீழே போனது. மறுபடியும் இறக்கினார். மறுபடியும் கை, மறுபடியும் நிறுத்தம். இப்படி நின்று நின்று, ஒருவழியாக அது முழுக்கச் சாய்ந்தது. கால் இரண்டும் தரையை விட்டு மேலே வந்துவிட்டன. அக்கா மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நானும் டாக்டரும் அவள் முகத்துக்கு நேரே குனிந்துவிடக் கூடாது என்று சுவரோரம் ஒதுங்கி நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது.

மாதக்கணக்கில் நேராகப் படுக்காதவளின் உறக்கம் அது. இருந்த ஒரே நாற்காலியில் அவள் உறங்க, டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே போய்க் காத்திருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். யாராவது சண்டைக்கு வருவார்கள் என்றுதான் பயந்தேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அழுத பிள்ளையை ஒரு அம்மா கீழே கூட்டிக்கொண்டு போனாள். செருப்புப் போட்டிருந்தவர்கள் கழற்றி ஓரமாக வைத்தார்கள். வீக்கக் கன்னத்தோடு இருந்த ஒருவர், உறங்கட்டும், பாவம் என்று சொல்லிவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

மத்தியான வெயில் ஜன்னலில் இறங்கிய நேரத்தில் அக்கா விழித்தாள். எங்கே கிடக்கிறோம் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. தெரிந்ததும் முகம் வெளிறியது. டாக்டர் நாற்காலியை நிமிர்த்தப் போனார், வேண்டாம் என்று கையைத் தூக்கினாள். பக்கவாட்டில் திரும்பி, முறிந்து கூடிய கையை ஊன்றி, ஒரு காலை இறக்கினாள், இன்னொரு காலை இறக்கினாள். எழுந்து நின்றாள். சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"எழும்பிட்டேன், என்ன மக்கா?"

எழும்பிட்டிய அக்கா என்று சொன்னேன். அவள் மாடிப்படி இறங்கி, ஜங்ஷனைக் கடந்து, சந்தைக் கூட்டத்துக்குள் போகும் வரை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் அடுத்த நம்பரைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனசே வரவில்லை.